கோழிக்கூட்டிலிருந்து தெருவுக்கு: ஒரு ஹொண்டா 70ஐ மீட்டெடுத்தல்

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில் தேடிப் பார்த்தால் ஒரு ஹொண்டா 70 எங்காவது கிடக்கும். கொட்டிலுக்குள் படங்கு மூடிக் கிடக்கும். கோழிக்கூட்டோடு சாய்ந்து நிற்கும். "அப்பு ஓடினது, இனி ஆர் ஓடுறது?" என்பார்கள் வீட்டுக்காரர். பழைய இரும்பு எடுக்க வருபவர் நிறையைக் கண்ணால் மதித்து ஒரு விலை சொல்வார். அந்த விலைக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். வெளியே கறள் பிடித்து, எஞ்சின் இறுகி, சீற் கிழிந்து கிடக்கிற செவன்ரிகளில் (ஹொண்டா 70ஐ இங்கே அப்படித்தான் சொல்வோம்) பல, ஒழுங்காக வேலை செய்தால் இன்னும் ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடியவை.

நான் சொல்வது அன்றாடம் ஓடுவதற்கான மீட்பைப் பற்றி. காலையில் உதைத்தவுடன் ஸ்ரார்ட் ஆக வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், சந்தையில் வாங்கிய மரக்கறியைக் கொண்டுவர வேண்டும், மழையில் நனைந்தாலும் நின்றுவிடக் கூடாது. கண்காட்சிக்கு வண்டி செய்பவர் பெயின்றையும் நிக்கல் பூச்சையும் முதலில் நினைப்பார். ஓட்டுவதற்குச் செய்பவர் அவற்றைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும். காசு நடுவழியில் தீர்ந்தால் பெயின்ற் இல்லாமலும் ஓடலாம். பிறேக் இல்லாமல் ஓட முடியாது.

இந்த வண்டியின் வரலாறு அறிந்தால் அதைப் பழுதுபார்ப்பது ஏன் இவ்வளவு இலகு என்பதும் விளங்கும். 1956 இல் சோயிச்சிரோ ஹொண்டாவும், நிறுவனத்தின் வணிகப் பக்கத்தைக் கவனித்துவந்த தக்கேயோ ஃபுஜிசாவாவும் ஐரோப்பா போய் அங்கே ஓடிய மொபெட்டுகளையும் ஸ்கூட்டர்களையும் பார்த்தார்கள். அவை நல்ல வீதிகளுக்குச் செய்தவை. அன்றைய ஜப்பானில் வீதிகளில் பெரும்பகுதி தார் காணாதவை. குண்டும் குழியுமான மண் வீதியில் ஓட வேண்டும், யாரும் ஓட்டப் பழகக்கூடியதாக இருக்க வேண்டும், உடுப்பில் ஓயில் படக் கூடாது என்பவை அவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட நிபந்தனைகள். சோபா நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டைத் தூக்கியபடி மற்றக் கையால் ஓட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். 1958 ஆகஸ்டில் சுப்பர் கப் சி100 வெளிவந்தது. 49 சிசி, நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், 4.5 குதிரைவலு, 17 அங்குலச் சில்லு, முழங்காலுக்கு முன்னால் சேற்றைத் தடுக்கும் பிளாஸ்ரிக் கவசம், காலைத் தூக்காமல் ஏறக்கூடிய தாழ்ந்த நடு. அந்த உருவம் பெரிதாக மாறாமலே 2017 இல் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. ஒரே அடிப்படை வடிவம் இவ்வளவு காலம் நின்றதால்தான் ஐம்பது ஆண்டு வயதான வண்டிக்கும் இன்று கடையில் பிஸ்டன் ரிங் கேட்டு வாங்க முடிகிறது. ஜப்பானின் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்டு, பின்னர் எங்கள் ஊர் வீதிகளிலும் நிறைய ஓடிய எம்.டி 90 கூட இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

செவன்ரியின் எஞ்சின் 72 சிசி. சிலிண்டரின் விட்டம் 47 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 41.4. சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. அதனால் பாரம் கீழே இறங்குகிறது. சூடாகும் தலைப்பகுதி நேரே காற்றுக்கு முகம் கொடுக்கிறது. வால்வ் மூடிகள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, எதையும் கழற்றாமலே ஸ்பனர் எட்டும் இடத்தில் இருக்கின்றன.

கிளச்சுக்குக் கைப்பிடி கிடையாது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிளச் தட்டுகள் விலகியே இருக்கும். வேகம் கூடும்போது கிளச்சுக்குள் இருக்கும் சிறு பாரங்கள் மையவிலக்கு விசையால் வெளியே தள்ளப்பட்டுத் தட்டுகளை இறுக்குகின்றன, வண்டி நகர்கிறது. ஓடும்போது கியர் மாற்ற வேண்டுமானால் கியர் மிதியே அந்த வேலையையும் செய்கிறது. மிதியை அழுத்தும் முதற்பாதி கிளச்சை விடுவிக்கும், மறுபாதி கியரை மாற்றும். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கிளச் விலகியே நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு காலை மெல்லத் தளர்த்தி எடுப்பவரின் வண்டி உதறாது; சடாரென்று காலை எடுப்பவரின் வண்டி ஒவ்வொரு கியருக்கும் குதிக்கும்.

வாங்குவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது பதிவுப் புத்தகம். சட்டகத்தில் அடித்திருக்கும் செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இடப்பெயர்வுகளில் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்த வீடுகளில் வண்டிப் புத்தகம் மட்டும் தப்பியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் புத்தகம் இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன வழி இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே காசைக் கொடுங்கள். எவ்வளவு அழகாக மீட்டாலும் பதிவு இல்லாத வண்டி வளவுக்குள் சுற்றத்தான் உதவும்.

அடுத்தது சட்டகம். இது குழாய்ச் சட்டகம் அல்ல, எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி ஒட்டியது. வெளிப்பக்கம் நன்றாக இருந்தாலும் உட்பக்கம் கறள் அரித்திருக்கலாம், முக்கியமாக உப்புக்காற்று படும் கரையோர ஊர்களில். பின் மட்காட்டின் அடிப்பக்கத்தையும், பற்றரி இருக்கும் இடத்தின் அடித்தட்டையும், பின் ஷொக் பொருத்தும் இடத்தையும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் வந்தால் தகடு திடமாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் உள்ளே சுரண்டிப் பார்க்க வேண்டும். முன் ஃபோர்க்கின் அடியில், சில்லைத் தாங்கும் சிறு கைகள் பொருந்தும் இடமும் இப்படித்தான். அங்கே தகடு அரித்திருந்தால் அந்த ஃபோர்க்கை மாற்றுவதே சரி. ஒட்டுப்போட்டு ஓடுவதற்குரிய இடம் அது அல்ல.

எஞ்சின் இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம். கிக்கரில் ஏறி மிதிக்கவும் வேண்டாம். உள்ளிருக்கும் பல்தான் உடையும். பிளக்கைக் கழற்றி, கறள் இளக்கும் எண்ணெயை அந்தத் துளையால் விட்டு, நாட்கணக்கில் ஊற விடுங்கள். சிலிண்டர் படுத்திருப்பதால் எண்ணெய் கீழ்ப்பக்கத்தில்தான் தேங்கும். அதனால் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி வைத்தால் பிஸ்டனின் தலை முழுவதும் நனையும். பிறகு இடப்பக்க மூடியைத் திறந்து, மக்னெற் நட்டில் ஸ்பனர் போட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். ஒரு மயிரளவு அசைந்தால் போதும், வேலை பாதி முடிந்தது.

எங்கள் ஊர் வண்டிகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தொண்ணூறுகளின் முற்பாதியில் இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் ஆவி மிகக் குறைந்த வெப்பநிலையிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய ஆவி விடுவதற்குக் கிட்டத்தட்ட 40 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் ஆகாது. சிறு போத்தலில் பொக்கிஷம் போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அது சனத்தின் கெட்டித்தனம், சந்தேகமில்லை. எஞ்சின்தான் விலை கொடுத்தது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி ஓயிலுக்குள் இறங்கும். ஓயில் மட்டம் குறையாமல் கூடுவதைப் பார்த்துச் சிலர் சந்தோஷப்பட்டிருப்பார்கள். உண்மையில் ஓயில் தண்ணீராகிக்கொண்டிருந்தது. தண்ணீரான ஓயிலில் சிலிண்டர் சுவரும் கேம் ஷாஃப்டும் தேயும். அக்காலத்தில் ஓடிய செவன்ரியை எடுப்பவர் சிலிண்டரைக் கழற்றி லேத்தில் அளவு பார்க்காமல் பூட்டக் கூடாது. தேய்ந்திருந்தால் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போடலாம். கடைவதற்கு முன் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் பிஸ்டனையே அளந்து கடைவதுதான் சரியான முறை.

எஞ்சினைத் திறக்கும் முன் கருவி பற்றி ஒரு சொல். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் தலை ஸ்குறூக்கள் சாதாரண பிலிப்ஸ் திருப்புளிக்கு உரியவை அல்ல. ஜப்பானிய நியமப்படி செய்தவற்றின் குழி கொஞ்சம் வேறு வடிவம். பிலிப்ஸ் முனை அதற்குள் அடிமட்டம் வரை இறங்காமல் வழுக்கி மேலே ஏறும்; தலை தேய்ந்து வட்டமாகிவிடும். பல ஸ்குறூத் தலைகளில் ஒரு சிறு புள்ளிக்குழி இருக்கும். அது இந்த இனம் என்பதற்கான அடையாளம். அதற்குரிய முனையும், சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிறைவரும் இருந்தால் நாற்பது வருடமாகக் கழற்றாத ஸ்குறூவும் இளகும். இவை இரண்டையும் வாங்கும் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ஓயிலை வடித்து, வலப்பக்க மூடியைத் திறந்தால் கிளச் தெரியும். அதன் முகத்தில் சிறு ஸ்குறூக்களால் பூட்டிய ஒரு வட்ட மூடி இருக்கிறது. பலர் அதைத் திறப்பதே இல்லை. செவன்ரிக்குக் கடுதாசி ஓயில் ஃபில்டர் கிடையாது. அந்த மூடிக்குள் இருக்கும் வெற்றிடம்தான் ஃபில்டர். ஓயில் சுழலும் கிளச்சின் நடுவால் உள்ளே வருகிறது. சுழற்சியில் உலோகத் தூளும் கரியும் வெளி விளிம்புக்கு ஒதுங்கி அங்கேயே படிந்துவிடுகின்றன. சுத்தமான ஓயில் உள்ளே போகிறது. நீண்டகாலம் திறக்காத ஒன்றைத் திறந்தால் விளிம்பைச் சுற்றிக் கறுத்த களி இறுகியிருக்கும். மரக்குச்சியால் வழித்து எடுத்து விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். வெறும் கரியானால் வழுவழுப்பாக இருக்கும். பித்தளை நிறத்தில் மினுங்கினால் உள்ளே எங்கோ ஒரு புஷ் தேய்ந்திருக்கிறது. வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம், பிஸ்டனைச் சந்தேகப்பட வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பூட்டும்போது நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன ஓயில் வழித்துண்டைத் தவறவிடாதீர்கள். அது விழுந்து உருண்டு போனால் எஞ்சினுக்கு ஓயில் ஒழுங்காகப் போகாது.

பெற்றோல் தாங்கி சீற்றுக்குக் கீழே இருக்கிறது. உள்ளே கறள் இருந்தால் சிற்றிக் அமிலக் கரைசலை நிரப்பி ஒரு இரவு விட்டு, ஊற்றி, அப்பச்சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் உலர்த்துங்கள். உலர்ந்த கையோடு கொஞ்சம் ஓயில் விட்டுச் சுற்றிக் குலுக்கினால் புதிய கறள் பிடிக்காது. ஓட்டைக்கு வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். வெறும் தாங்கி என்று நினைப்பதற்குள்தான் வெடிக்கும் ஆவி நிறைந்திருக்கும்.

காபரேற்றரில் பெரும்பாலும் இரண்டு குறைகள். ஒன்று, வற்றிய பெற்றோல் பிசினாகி ஜெற் துளைகளை அடைத்திருக்கும். அவற்றைக் குத்த ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். துளை பெருத்துவிட்டால் அளவு போச்சு. மீன்பிடி நைலோன் இழை நல்லது. மற்றக் குறையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. காபரேற்றரை எஞ்சினோடு பூட்டும் தட்டையான முகத்தை, முன்பு யாராவது மெக்கானிக் இரண்டு நட்டையும் அளவுக்கு மீறி இறுக்கி வளைத்திருப்பார். அதன்மேல் ஒரு இரும்பு அடிமட்டத்தை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் அந்த இடைவெளியால் காற்று களவாக உள்ளே போகிறது. அதனால்தான் நின்ற இடத்தில் எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கும். எவ்வளவு காற்று ஸ்குறூவைத் திருப்பினாலும் தீராது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 400 இலக்க மட்கடுதாசியை விரித்து, ஓயில் தடவி, காபரேற்றர் முகத்தை எட்டு வடிவத்தில் மெல்லத் தேய்க்க வேண்டும். முகம் முழுவதும் ஒரே நிறம் வந்ததும் நிறுத்திவிட்டுப் புது ஓ-ரிங் போட்டுப் பூட்டுங்கள். சின்ன வேலைதான், ஆனால் வண்டியின் சுபாவமே மாறிவிடும்.

வால்வ் இடைவெளி இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. பொயின்ற் இடைவெளி 0.3 க்கும் 0.4 க்கும் இடையில். பிளக் 0.6 க்கும் 0.7 க்கும் இடையில். பொயின்ற் திறக்கும் கணம் மக்னெற்றில் உள்ள எஃப் கோடு உடலில் உள்ள அடையாளத்தோடு ஒத்து நிற்க வேண்டும். இவ்வளவும் சரியானால் நெருப்பு வரும், வண்டி ஓடும்.

ஆனால் இரவு? பழைய செவன்ரியின் மின்சாரம் 6 வோல்ற். மெதுவாகப் போகும்போது முன் லைற் மங்கும், எஞ்சினை முறுக்கினால்தான் தெளியும். மழை இரவில் லைற் இல்லாத ஒழுங்கையில் எதிரே வரும் சைக்கிள்காரரை அந்த மஞ்சள் ஒளியில் காண்பது கடினம். என்னிடம் கேட்டால் 12 வோல்ற்றுக்கு மாற்றத்தான் சொல்வேன். எண்பதுகளில் வந்த கப் வண்டிகளின் மக்னெற், கொயில், சிடிஐ பெட்டி, ரெகுலேற்றர் ஆகியவற்றைப் பொருத்தி, பற்றரி, பல்ப், ஹோர்ன் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பொயின்ற் தேய்ந்து காலையில் மல்லுக்கட்டும் வேலையும் அதோடு ஒழியும். அசல் தன்மை போய்விட்டது என்று சேகரிப்பவர்கள் மனம் வருந்துவார்கள். அவர்கள் வருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளையைப் பின்னால் ஏற்றி இரவில் ஓடுகிறவருக்கு வெளிச்சம்தான் பெரிது. கழற்றிய 6 வோல்ற் சாமான்களை எண்ணெய் பூசிப் பெட்டியில் கட்டி வையுங்கள். பின்னால் வருபவர் விரும்பினால் மீண்டும் பூட்டட்டும்.

பிறேக் இரண்டும் டிரம். பழைய ஷூவில் லைனிங் தடிப்பாக இருப்பதைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். பசை காய்ந்து லைனிங் முழுத் துண்டாகக் கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சில்லு இறுகிவிடும். ஷூ புதிதாகவே போடுங்கள், கேபிளும் அப்படியே. ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3122 என்றால் 2022 ஆம் ஆண்டின் 31 ஆவது வாரத்தில் செய்தது. பூப் போகாத ரயர் என்று பெருமையாகக் காட்டுவார்கள்; பக்கத்தை மடக்கிப் பார்த்தால் நரம்பு நரம்பாக வெடித்திருக்கும். கம்பிகளைக் கரண்டியால் ஒவ்வொன்றாகத் தட்டி, தளர்ந்தவற்றைச் சில்லுக் கட்டுபவரிடம் கொடுத்து இறுக்குங்கள்.

செயினை முழுவதாக மூடும் தகட்டுப் பெட்டியை இலேசாகத் தெரிய வேண்டும் என்று சிலர் கழற்றி எறிந்திருப்பார்கள். தேடிப் பிடித்து மீண்டும் பூட்டுங்கள். எங்கள் மணலுக்கும் மாரி மழைக்கும் அந்தப் பெட்டிக்குள் ஓடும் செயின், வெளியே ஓடும் செயினைவிட எவ்வளவோ காலம் நிற்கும்.

பெயின்ற் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தகடு அரித்த இடத்தைச் சுத்தம் செய்து அடிப்பூச்சு அடித்தே ஆக வேண்டும். மற்ற இடங்களில் மங்கிய அசல் நிறம் இருந்தால் துடைத்து மெழுகு பூசிவிடுங்கள். அதன்மேல் கடையில் கிடைக்கும் பளபளப்பு அடிப்பதை நான் விரும்புவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டு, ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் தந்தார்கள். நல்ல நிலையிலுள்ள செவன்ரி லீற்றருக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். அந்த 4 லீற்றர் அதற்கு வாரம் முழுவதற்கும் போதுமாக இருந்தது. ஆனாலும் அதன் எல்லை தெரிந்து ஓட்ட வேண்டும். ஊர் வீதிகளில் 40, 50 இல் அது சந்தோஷமாக ஓடும். ஏ9 இல் கண்டி பஸ்ஸுக்கு முன்னால் அதை முறுக்கிக்கொண்டு போவது எஞ்சினுக்கும் கூடாது, ஆளுக்கும் கூடாது.

புது ரிங் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீற்றர் ஒரே வேகத்தில் ஓடாமல் ஏற்றி இறக்கி ஓடுங்கள். அதன்பின் ஓயிலை மாற்றி, வால்வ் இடைவெளியை மீண்டும் பார்த்து, கண்ணில் படும் நட்டுகளையெல்லாம் ஒருமுறை இறுக்க வேண்டும். ஓயில் ஒரு லீற்றர்கூடக் கொள்ளாது. ஆகவே மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம், 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளச்சும் அதே ஓயிலில் நனைவதால் காருக்குரிய ஓயில் விட்டால் தட்டுகள் வழுக்கக்கூடும். போத்தலில் ஜாசோ எம்.ஏ என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாள் ஓட்டும்போது ஒன்று உங்களைத் திடுக்கிட வைக்கும். மற்ற வண்டிகளில் முன் பிறேக் பிடித்தால் முன்பக்கம் தாழும். செவன்ரியில் ஹாண்டில் கொஞ்சம் மேலே எழும்பும். சில்லைத் தாங்கும் கைகள் முன்னோக்கி நீண்டிருப்பதால் பிறேக்கின் விசை அவற்றைக் கீழே தள்ளி வண்டியை உயர்த்துகிறது. பழுது என்று நினைத்துக் கராஜுக்குப் போக வேண்டாம். கியர் போடும்போது கடகடத்தாலோ, நின்ற இடத்தில் வண்டி முன்னே இழுத்தாலோ கிளச்சைச் சரிசெய்ய வேண்டும். அதற்குரிய ஸ்குறூ வலப்பக்க மூடியிலேயே இருக்கிறது. பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்குறூவை வலப்பக்கம் ஒரு சுற்று, பிறகு தடை தெரியும் வரை இடப்பக்கம், அங்கிருந்து மீண்டும் வலப்பக்கம் அரைக்கால் சுற்று. அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இதற்கு ஒரு திருப்புளியும் ஒரு ஸ்பனரும் போதும். அவற்றோடு ஒரு மாற்றுப் பிளக்கையும் பிளக் ஸ்பனரையும் துணியில் சுற்றிப் பக்கப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.